குறைப்பதா, நிறுத்துவதா, மருத்துவரிடம் போவதா? தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவரும் குடியும்

குடி அளவு மீறுகிறது என்பதை ஒருவருக்கு முதலில் சொல்வது பெரும்பாலும் கூட வாழ்கிறவர்தான். "இன்னைக்கும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்க ஒரு வாய், பாட்டிலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண். தனி ஆளாகப் பிள்ளை வளர்க்கிறவர் வீட்டில் அந்த ஆள் இல்லை. சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடம் முடித்து, விளக்கை அணைத்துவிட்டு வந்து ஒன்பதரை மணிக்கு ஊற்றுகிற முதல் கிளாஸை யாரும் பார்ப்பதில்லை. நாலாவது கிளாஸையும் பார்ப்பதில்லை.

வெளி அடையாளங்களும் இங்கே அதிகம் உதவாது. குடிப்பழக்கம் என்றதும் மனதில் வருவது வேலைக்குப் போகாதவர், தெருவில் தள்ளாடுகிறவர், வீட்டில் சண்டை போடுகிறவர். தனியாகப் பிள்ளை வளர்ப்பவரால் அப்படியெல்லாம் விழ முடியாது. அவர் எழுந்திருக்காவிட்டால் பிள்ளை பள்ளிக்குப் போகாது, சம்பளம் வராது. அதனால் மண்டை வெடித்தாலும் எழுந்துவிடுகிறார். எல்லாம்தான் நடக்கிறதே, எனக்கென்ன பிரச்சினை என்று அவரே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார். எல்லாம் நடப்பதற்குக் காரணம் அவருக்கு வேறு வழி இல்லாதது. குடி கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது.

இதில் இரண்டு முடிவுகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. என் குடி பிரச்சினையான குடிதானா என்பது ஒன்று. ஆமாம் என்றால் எந்த வழியில் போவது என்பது இன்னொன்று. இரண்டாவதை நினைத்துப் பயந்தே பலர் முதலாவதைத் தொடுவதில்லை. நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ, எங்காவது சேர்த்துவிடுவார்களோ, பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் எத்தனை கிளாஸ் என்று எண்ணுவதையே தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கலாம். எல்லா வழிகளையும் ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால், நிதானத்தில் இருக்கிற ஒரு பெரியவர் அந்த வீட்டில் இருப்பாரா?

பிரச்சினைதானா என்று தெரிந்துகொள்ள

இதற்கு மூன்று வழி உண்டு: கேள்வித்தாள், அளந்து பார்ப்பது, நிறுத்திப் பார்ப்பது.

கேள்வித்தாள்களில் பழையதும் சின்னதும் 'கேஜ்'. அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் வெளியிட்டது. நான்கே கேள்விகள். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் குடியை யாராவது குறை சொல்லி எரிச்சலூட்டினார்களா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்ததா? காலையில் எழுந்ததும் உடம்பை நிலைப்படுத்தக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது இதன் பலம். ஆனால் இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். குறை சொல்ல வீட்டில் ஆளே இல்லாதவர் அதற்கு நேர்மையாகவே 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' கொஞ்சம் பெரியது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே ஆபத்தான குடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 16-ஐத் தொட்டால் ஆலோசனையும் தொடர் கவனிப்பும், 20-ஐத் தொட்டால் குடிக்கு அடிமையாகியிருக்கலாம், சிறப்பு மருத்துவரைப் பார்க்கவேண்டும். எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, நடந்தது மறந்துபோகிறதா என்றெல்லாம் கேட்பதால் 'கேஜ்'-ஐ விட இது நம்பகமானது. ஆனாலும் இதிலும் இரண்டு கேள்விகள் தனிப் பெற்றோருக்குக் குறைவான மதிப்பெண்ணே தரும். குடியால் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதுண்டா என்பது ஒன்று. அவர்தான் எதையும் விட முடியாதவர் ஆயிற்றே. உறவினரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டார்களா என்பது இன்னொன்று. அவர் குடிப்பது யாருக்கும் தெரியவே தெரியாது. அதனால் தனியாகக் குடிக்கிறவருக்கு 7 வந்தால் நான் அதை 'தப்பித்தேன்' என்று படிக்க மாட்டேன்.

இந்தக் கேள்வித்தாள்களில் இன்னொரு பொறி, அளவு. 'ஆடிட்' ஒரு அளவு என்று சொல்வது 10 கிராம் சுத்தமான ஆல்கஹாலை. பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், அமெரிக்காவில் ஒரு டிரிங்க் 14 கிராம். நாம் 'ரெண்டு' என்று சொல்வது எந்தக் கணக்கில்? 40 சதவீத விஸ்கியோ பிராந்தியோ 30 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஒரு அளவு. 5 சதவீத பீர் 500 மில்லி இரண்டு அளவு. 12 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டில் முழுதாக ஏழு அளவு.

இதை ஒரு தடவை கையால் செய்து பார்ப்பது நல்லது. வழக்கமாகக் குடிக்கும் கிளாஸில், வழக்கம் போலவே, யோசிக்காமல் தண்ணீரை ஊற்றுங்கள். அப்புறம் அதைப் பிள்ளையின் காய்ச்சல் மருந்தோடு வரும் மில்லி கோடு போட்ட சின்ன மூடியால் அளந்து பாருங்கள். 60 என்று நினைத்தது 90-க்குப் போகும். மூன்று கிளாஸ் என்று மனதில் இருந்தது ஒன்பது அளவாக மாறும். கேள்வித்தாளில் பதில் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்தால் மதிப்பெண்ணே வேறாகும். ஒரு வாரம் ஒவ்வொரு இரவும் அளந்து தாளில் எழுதினால், யாரோ தயாரித்த கேள்வியை விட அது தெளிவாகப் பேசும்.

இவற்றோடு, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளை நானாகச் சேர்க்கிறேன். பிள்ளை தூங்கும் நேரத்தை முன்னால் தள்ளுகிறேனா, அதுவும் கிளாஸுக்காக? வார இறுதியில் யாராவது வந்து தங்குகிறேன் என்றால் மகிழ்ச்சிக்கு முன்னால் எரிச்சல் வருகிறதா? இரவில் பிள்ளை எழுந்து வந்தால் கிளாஸை மறைக்கிறேனா? சில மணிக்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டதா? இல்லை, அந்த நேரத்தில் கேட்டால் எதற்கும் சரி சொல்லிவிடுவேன் என்று கற்றுக்கொண்டுவிட்டதா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். காலையில் பிள்ளை வந்து, "நேத்து நைட்டு சரின்னு சொன்னியேம்மா" என்கிறது. அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனாலும் "ஆமா, சொன்னேன்ல" என்று சமாளித்துவிடுகிறோம். அசதியில் மறந்துவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குடித்த இரவின் ஒரு துண்டு அப்படியே காணாமல் போனால் அது அசதி இல்லை. ஆல்கஹால் ஏறிய மூளை அந்த நேரத்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவே இல்லை. நடந்தோம், பேசினோம், கதவைப் பூட்டினோம், எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு பெரியவர் இருக்கும் வீட்டில் இன்னொருவருக்கு நினைவிருக்கும். இந்த வீட்டில் நடந்ததற்கு ஒரே சாட்சி அந்தப் பிள்ளை.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு அளவைத்தான் கழிக்கும். ஒன்பதரைக்கு ஆரம்பித்து நள்ளிரவுக்குள் எட்டு அளவு போனால், உடம்பிலிருந்து அது முழுவதும் இறங்க விடிகாலை ஆகிவிடும். காபி, குளியல், எலுமிச்சை எதுவும் இதை வேகப்படுத்தாது. கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், சிலருக்கு எட்டு மணிக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் கடுமை. குடித்த பெரியவர் குழந்தையோடு ஒரே படுக்கையில், அதைவிட மோசமாக சோபாவில், தூங்குவது குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டும். இதில் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு இடமில்லை. குழந்தை தனிப் படுக்கையில்தான் இருக்கவேண்டும்.

குடிப்பழக்கம் உண்டு அல்லது இல்லை என்று இரண்டே பெட்டிகள் இருப்பதாக நினைப்பதும் பலரைத் தடுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டில் 11 அறிகுறிகள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் அவற்றில் இரண்டு இருந்தாலே லேசான குடிப்பழக்கக் கோளாறு, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். நினைத்ததை விட அதிகமாகக் குடிப்பது, குறைக்க முயன்று முடியாமல் போவது என்ற இரண்டே போதும் அந்தப் பட்டியலில் நுழைய. லேசான நிலையில் நுழைந்தவருக்குத்தான் வழிகளும் அதிகம், செலவும் குறைவு.

குறைப்பதும் நிறுத்துவதும்

சரி, பிரச்சினைதான் என்று ஒத்துக்கொண்டாயிற்று. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, குறைத்துக்கொள்கிறேன் என்பது. தப்பே இல்லை. 'ஆடிட்'-இல் 8-க்கும் 15-க்கும் இடையில் இருப்பவர், காலையில் கைநடுக்கம் இல்லாதவர், முன்பு குறைத்தபோது அது நின்றிருக்கிறது என்பவர், இவர்களில் பலர் ஒரு மருத்துவரின் சுருக்கமான ஆலோசனையோடே குறைத்துவிடுகிறார்கள். வாரத்தில் சில நாள் தொடாமல் இருப்பது, வீட்டில் இருப்பு வைக்காமல் இருப்பது, அளந்து ஊற்றுவது என்று வழிகளும் தெரிந்தவைதான்.

ஆனால் குறைப்பதில் இருக்கும் சிரமத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அது ஒரு முடிவு இல்லை, தினமும் எடுக்கவேண்டிய முடிவு. அதுவும் எந்த நேரத்தில்? நாளெல்லாம் ஓடி, பிள்ளையோடு மல்லுக்கட்டி, கடைசிப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு உட்காரும் நேரத்தில். மூன்றாவதை ஊற்றலாமா என்று தீர்மானிக்கவேண்டியவர் ஏற்கெனவே இரண்டு குடித்தவர். "இன்னைக்கு ரொம்ப கஷ்டமான நாள்" என்று அவர் வாதாடுவார், அவரே நீதிபதியாக இருந்து அனுமதியும் கொடுப்பார். கூட ஒருவர் இருந்தால் ஒரு முறைப்பாவது கிடைக்கும்.

பிள்ளை இருக்கும் நாளில் தொடமாட்டேன் என்ற விதியும் உண்டு. பிள்ளை மாற்றி மாற்றி இரண்டு வீட்டில் இருக்கும் குடும்பங்களில் இது பொருத்தமாகத் தெரியும். என் அளவுகோலுக்கும் இது பாஸாகிவிடுகிறது, பிள்ளை இருக்கும் இரவில் நிதானம் இருக்கிறது அல்லவா. ஆனால் பிள்ளை இல்லாத இரண்டு நாளில் ஒரு வாரக் குடியும் சேர்ந்து இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அப்படி இறங்கினால் உடம்புக்குக் கேடு கூடத்தான் செய்கிறது, ஞாயிறு மாலை பிள்ளை திரும்பி வரும்போது வீட்டில் இருப்பவர் எரிந்து விழுகிற நிலையில் இருப்பார். பிள்ளை எப்போதும் கூடவே இருக்கும் வீட்டிலோ, இந்த விதிக்கு அர்த்தமே முழுசாக நிறுத்துவது என்றுதான் ஆகிறது.

அதனால் குறைப்பதை விட ஒரு மாதம் முழுவதுமாக நிறுத்திப் பார்ப்பதை நான் முதலில் வைப்பேன். ஒருமுறை முடிவெடுத்தால் போதும், தினமும் பேரம் பேச வேண்டாம். அதோடு இதுவே ஒரு பரிசோதனை. நிறுத்த முடிந்தால், மாதம் முடிந்து குறைவாகக் குடிப்பதா வேண்டாமா என்பதைத் தெளிந்த தலையோடு தீர்மானிக்கலாம். நான்காம் நாளே முடியவில்லை என்றால் அதுவும் பதில்தான். நேராக மருத்துவரிடம் போகலாம் என்று தெரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதிப்பில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே மாதம் முடிந்தும் திரும்ப ஆரம்பிக்காமலே விட்டுவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லை.

முதல் வாரம் தூக்கம் கெடும். குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று நம்புகிறவர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஆல்கஹால் சீக்கிரம் தூங்கவைக்கும், உண்மை. ஆனால் கனவு வரும் தூக்கத்தை அமுக்கிவிட்டு, அது இறங்கும்போது பின்னிரவில் எழுப்பியும் விடும். மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக் கிடப்பதற்குக் கவலை மட்டும் காரணம் இல்லை. சில நாள் பொறுத்தால் தூக்கம் சீராகத் தொடங்கும்.

இதில் ஒரு பெரிய நிபந்தனை இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், வியர்த்துக் கொட்டுகிறவர், எழுந்ததும் ஒரு வாய் போட்டால்தான் நிலைக்கு வருகிறவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர், இவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் பதற்றமும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடம் காலம் புரியாது, காய்ச்சல் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கக்கூடிய நிலை அது. இப்போது அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். வலிப்பு வந்து விழுந்தவரோடு ஏழு வயதுப் பிள்ளை மட்டும் இருக்கிறது. பிள்ளைக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று மன உறுதியோடு வெள்ளிக்கிழமை இரவு கதவைச் சாத்திக்கொள்கிற தனிப் பெற்றோர், நல்ல எண்ணத்தோடு மிக ஆபத்தான வழியைத் தேர்ந்தெடுக்கிறார். இவர்களுக்குக் குறைப்பதா நிறுத்துவதா என்ற கேள்வியே இல்லை, மருத்துவர்தான் முதல் படி. அவரைப் பார்க்கும்வரை குடியைச் சட்டென்று வெட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

மருத்துவர், குழு, மையம்

மருத்துவர் என்றதும் பலருக்குத் தோன்றுவது மாதக்கணக்கில் உள்ளே படுப்பது. பெரும்பாலானோருக்கு அது தேவைப்படுவதில்லை. வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரே ஆரம்பிக்கலாம்: சில கேள்விகள், கல்லீரல் என்சைம்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. குடி அதிகமாக இருந்தால் ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருக்கலாம், சிவப்பணுக்களின் சராசரி அளவு பெருத்திருக்கலாம். ரிப்போர்ட் சரியாக இருப்பதை வைத்துக் குடி சரி என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த எண்கள் பலருக்குத் தாமதமாகத்தான் மாறும். பெண்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாக ஏறும், கல்லீரலும் சீக்கிரமாகப் பாதிக்கப்படும்.

மருத்துவர் கண்காணிப்பில் வீட்டிலிருந்தபடியே, சில நாள் மாத்திரையோடும் பி1 வைட்டமினோடும் குடியை நிறுத்த முடியும். ஆனால் அவர் ஒன்று கேட்பார்: அந்த நாட்களில் கூட இருக்கப் போகும் பெரியவர் யார்? யாரும் இல்லை என்றால் சில நாள் மருத்துவமனையில் இருந்து நிறுத்துவதுதான் சரி. இந்த இடத்தில்தான் தனி ஆள் பின்வாங்குகிறார். வெட்கத்தை விட, அந்தச் சில நாள் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதே அவருக்குப் பெரிய கேள்வி. ஒரு வாரத்துக்கு ஒரு வீடு கிடைத்தால் சிகிச்சையின் மிக ஆபத்தான பகுதி முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் மருந்துகள். குடியை விட உதவ மூன்று மருந்துகள் பரவலாக உண்டு. டைசல்ஃபிராம் பழையது, அமெரிக்காவில் 1951-இல் அனுமதி பெற்றது. இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வந்து படுக்கப் போட்டுவிடும். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த வேலையைக் காட்டலாம். இருமல் மருந்தில், வாய் கொப்பளிக்கும் மருந்தில் இருக்கும் ஆல்கஹாலுக்கும் சிலருக்குப் பொங்கிவிடும். தினமும் பக்கத்தில் நின்று ஒருவர் விழுங்க வைத்தால்தான் இது நன்றாக வேலை செய்யும், வழக்கமாக அது கணவனோ மனைவியோ. தனிப் பெற்றோருக்கு அந்த ஆள் இல்லை. அந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று பத்து வயதுப் பிள்ளை தினமும் கேட்பது பாசமாகத் தெரியலாம், ஒரு நாள் அப்பா போடாமல் குடித்துவிட்டால் தான் கேட்காததால்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். இந்தக் காரணத்துக்காகவே தனிப் பெற்றோருக்கான மருந்துகளில் இதை நான் கடைசியில் வைப்பேன்.

நால்ட்ரெக்ஸோனுக்கு அப்படிக் காவல் வேண்டாம். குடியால் கிடைக்கும் அந்த இன்ப உணர்வை இது மட்டுப்படுத்துகிறது, முழுவதும் நிறுத்துவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கவும் முடியும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து சாப்பிடுகிறவர் இதை எடுக்கக்கூடாது. கல்லீரலையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அகாம்ப்ரோசேட் நிறுத்திய பிறகு, நிறுத்தியதைத் தக்கவைக்க. கல்லீரல் கெட்டவருக்கும் ஏற்றது, சிறுநீரகம் சரியாக இருக்கவேண்டும். நாளுக்கு மூன்று வேளை என்பதுதான் தொல்லை. எதை எடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், ஆனால் வீட்டில் வேறு பெரியவர் இல்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்து அவர் எழுதும் மருந்து மாறலாம்.

குழுக்களுக்கு வருவோம். குடியை விட நினைக்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. பெயர் சொல்ல வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், நிறுத்த ஆசை இருந்தால் போதும். பிரார்த்தனை வாடை அடிக்கிறது என்று சிலர் விலகுவார்கள். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகத்தான் கண்டது. கடவுள் பேச்சு வேண்டாம் என்பவருக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகள் அதில் அதிகம்.

இரண்டில் எது என்பதை விட, எந்த நேரத்துக் கூட்டம் என்பதுதான் தனிப் பெற்றோருக்கு முக்கியம். மாலை ஏழு மணிக்கு நேரில் போவதென்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? இணையக் கூட்டங்கள் எல்லா நேரத்திலும் நடக்கின்றன. பிள்ளை தூங்கியபின், ஒன்பதரை மணிக்கு, கேமராவை அணைத்துக்கொண்டு காதில் ஹெட்ஃபோனோடு உட்காரலாம். எந்த ஒரு மணி நேரத்தில் கிளாஸ் கைக்கு வருமோ, அதே ஒரு மணி நேரம். நேரில் போகும் கூட்டத்தில் கிடைக்கும் நெருக்கம் இதில் குறைவுதான், பக்கத்தில் இருந்து காபி குடித்துப் பேச ஆள் இல்லைதான். ஆனாலும் தினமும் போக முடிகிற இணையக் கூட்டத்தை, எப்போதாவது போக முடிகிற நேர்க் கூட்டத்துக்கு மேலே வைப்பேன். வாரம் ஒன்று நேரிலும் முடிந்தால் இன்னும் நல்லது.

தங்கி எடுக்கும் சிகிச்சையை யாருக்குச் சொல்லலாம்? பலமுறை நிறுத்தி ஒவ்வொரு முறையும் திரும்பியவருக்கு, மனச்சோர்வு கடுமையாக இருக்கிறவருக்கு, வீட்டிலேயே இருந்தால் நிற்காது என்று தெரிந்தவருக்கு. பொதுவாக ஒரு மாதம், சில இடங்களில் இன்னும் நீளும். சில மையங்களில் அம்மாவோடு பிள்ளையையும் சேர்க்கிறார்கள், அப்பாக்களுக்கு அப்படி இடம் கிடைப்பது அரிது. நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை: பகலில் வந்து போகும் சிகிச்சை. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் அங்கே, மாலையில் வீட்டில். வேலைக்கு விடுப்பு கிடைத்தால், உடல் அளவில் கடுமையாக அடிமையாகாத தனிப் பெற்றோருக்கு மாதக்கணக்கில் தங்குவதை விட இது பொருந்தும்.

யாரிடம் சொல்வது

யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவது, ஒருவரிடம் மட்டும் சொல்வது, பிரிந்து வாழும் கணவனிடமோ மனைவியிடமோ சொல்வது. மூன்றிலும் நடுவில் இருப்பதைத்தான் நான் சொல்வேன். அந்த ஒருவர் அறிவுரை சொல்பவராக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி போன் அடித்தால் எடுப்பவர், அரை மணியில் வந்து சேரக்கூடியவர், பிள்ளைக்குப் பழக்கமானவர். அக்காவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பிள்ளையின் நண்பனுடைய அம்மாவாக இருக்கலாம். "நான் குடியை நிறுத்தப் பார்க்கிறேன். ஒரு நாள் ராத்திரி என்னால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் உன்னைக் கூப்பிடுவேன், கேள்வி கேட்காமல் வா" என்று சொன்னால் போதும்.

பிரிந்தவரிடம் சொல்வது பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கைப் பொறுத்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ வரக்கூடும் என்றாலோ முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஒன்று மட்டும் என் கருத்தாகச் சொல்வேன். சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் பிள்ளையை இழப்போம் என்று பயந்து குடியைத் தொடர்கிறவர், குடித்துவிட்டுப் பிள்ளையோடு வண்டி ஓட்டிப் பிடிபடும்போது தன் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லாமல் நிற்பார். சிகிச்சைக் குறிப்புகளும் ரத்தப் பரிசோதனைகளும் கையில் இருப்பவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

பிள்ளையிடம்? சின்னப் பிள்ளை என்றால் இரண்டு வரி போதும். எனக்கு ஒன்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதை நிறுத்துகிறேன், மருத்துவர் உதவுகிறார், உன்னால் வந்தது எதுவும் இல்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு அது போதாது; அதற்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், பாட்டில் எங்கே இருக்கிறது என்பது உட்பட. அதனிடம் குடி என்ற பெயரைச் சொல்லியே பேசலாம். குடிப்பவர்களின் பிள்ளைகளுக்கென்றே அலட்டீன் என்ற குழு 1957 முதல் இருக்கிறது. போக விருப்பமா என்று கேட்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். இனி தொடவே மாட்டேன் என்ற சத்தியம் மட்டும் வேண்டாம். இன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும், திரும்ப வழுக்கிக் குடித்துவிட்டாலும் சொல்ல வாய் இருக்கும்.

வழுக்குவது நடக்கும். அப்போது பார்க்கவேண்டியது, சில வாரம் குடிக்காத உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இருக்காது, பழைய அளவு இப்போது அதிகம். அன்றைக்கு இரவே அந்த ஒருவரைக் கூப்பிடவேண்டும், மறுநாள் மருத்துவரிடம் சொல்லவேண்டும். மருந்து மாற்றவோ பகல் சிகிச்சைக்குப் போகவோ அதுதான் நேரம்.

எந்த வழி என்று இன்னும் தீர்மானிக்க முடியாதவர் பொது மருத்துவரிடம் ஒரு நேரம் வாங்கினால் போதும். பிள்ளை பள்ளியில் இருக்கும் காலை நேரமாக வாங்குங்கள். ஒரு வாரம் அளந்து எழுதிய தாள், சாப்பிடும் மற்ற மருந்துகளின் பெயர்கள், முன்பு நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது என்ற ஒரு வரி, இரவில் வரக்கூடியவரின் பெயர். இவ்வளவும் கையில் இருந்தால் மாத்திரையோடு வீட்டில் நிறுத்துவதா, சில நாள் படுக்கையில் சேர்வதா, நிறுத்தத் தேவையில்லாமல் குறைத்தாலே போதுமா என்பதை அவரே முதல் சந்திப்பில் பிரித்துச் சொல்லிவிடுவார்.